கூரையில் இரண்டு மேடுகள்

எழுபத்து மூன்றாவது ஒடுக்கைச் சுற்றி அடையாள வட்டம் போட்டுவிட்டு விரலை ஒரு சாண் இடதுபக்கம் நகர்த்தினேன், விரல் ஏறியது. இறங்கவேண்டிய விரல் ஏறியது. அப்படியே நின்றுவிட்டேன். ஆலங்கட்டி விழுந்த காரின் கூரையில் விரல் இறங்கத்தான் இறங்கும், அதில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது. கல் மேலேயிருந்து விழுகிறது, தகடு கீழே போகிறது, ஒடுக்கு. அந்த ஒடுக்கை உள்ளேயிருந்து நீளமான கம்பியால் அரிசி அரிசியாக அமுக்கி மேலே கொண்டுவருவதுதான் என் வேலை. பெயின்ட் ஒரு புள்ளி உரியக்கூடாது, பட்டி பூசக்கூடாது, கல்லே விழாத மாதிரி இருக்கவேண்டும். பதினொரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சூளகிரிப் பக்கம் கொட்டித் தீர்த்ததே, அதற்குப் பிறகு எங்கள் ஷெட்டில் கார் நிறுத்த இடமில்லை. ஹோசூரில் இந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று கல்பனா மேடம் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார், ஷெட் அவருடையது, சொல்வார். இது பதினாலாவது கார். பதின்மூன்று கார்களின் கூரையிலும் விரல் இறங்கியது. இதில் ஏறுகிறது. விளக்குப் பலகையை இழுத்து வைத்தேன். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட விளக்கு, அதன் கோடுகள் தகட்டில் படியும். குழியில் கோடுகள் நெருங்கி இடுப்பொடிந்து நிற்கும், மேட்டில் விலகி வயிறு தள்ளும். தள்ளியது. ஒன்றல்ல, இரண்டு. பின்சீட்டுக்கு மேலே, இடதுபக்கக் கதவை ஒட்டி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேடுகள், ஒவ்வொன்றும் உள்ளங்கையில் பாதி அகலம். யாரோ ஏற்கெனவே ஒடுக்கு எடுக்கப் பார்த்துச் சொதப்பியிருப்பார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கம்பி ஏற்படுத்தும் மேடு பருப்பு மாதிரி இருக்கும், கூராக. இது கூரில்லை. இது மழுங்கி அகலமாக, ஏதோ உள்ளேயிருந்து முட்டிய மாதிரி. முட்டியது என்கிற சொல் மனசில் வந்ததும் கை பின்வாங்கிவிட்டது. பிறகு மறுபடியும் வைத்தேன். கைக்கு வேறு வேலை கிடையாது.

லைனிங்கை நேற்றே கழற்றிச் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருக்கிறேன். காருக்குள் தலைக்கு மேலே துணி ஒட்டிய பெரிய அட்டை இருக்குமே, அதுதான். கழற்றும்போதே பார்த்தேன், அதில் இரண்டு இடம் நசுங்கி அழுக்காக இருந்தது, குழந்தைகள் ஏறிக் குதித்திருக்கும் என்று நினைத்துச் சட்டைசெய்யாமல் விட்டேன். இப்போது போய்ப் பார்த்தால் அட்டையின் நசுங்கலும் கூரையின் மேடும் ஒரே இடம். குழந்தை குதித்தால் தலைதானே இடிக்கும். தலை இடித்து இப்படி இரண்டாக நசுங்குமா. அழுக்கு அரைவட்டமாக இருந்தது. அரைவட்டம் எதற்கு உண்டு. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பின்கதவைத் திறந்தேன். கூரை வேலையென்றால் சீட்டில் மல்லாக்கப் படுத்துதான் செய்யவேண்டும், தினமும் படுக்கிற இடம், படுத்தேன். தலை டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கால் இடதுபக்கக் கதவுப் பக்கம். வெறும் தகடு மேலே தெரிந்தது. முழங்காலை மடக்கிக் காலைத் தூக்கினேன். என் இரண்டு குதிகாலும் போய் அந்த இரண்டு மேட்டுக்குள்ளும் பொருந்தின. சாக்ஸுக்குள் குளிர்ந்த தகடு. நான் அளந்து வைத்துப் பொருத்தவில்லை, அவையாகவே போய் உட்கார்ந்தன. வெளியே வந்து நின்றேன். யாரோ இங்கே மல்லாந்து கிடந்திருக்கிறார்கள். உதைத்திருக்கிறார்கள். சும்மா உதைத்தால் லைனிங் அட்டை தாங்கிக்கொள்ளும், அட்டை நசுங்கி அதற்கப்புறம் தகடு எழும்ப வேண்டுமென்றால் அது உயிரை வைத்து உதைக்கிற உதை. யாராவது பிடித்து அழுத்தியிருந்தால். கழுத்தை. எனக்கு ஏன் இப்படியே தோன்றுகிறது. ஷார்ஜாவில் வேலை பார்த்தபோது ஒரு வெள்ளைக் கார் வந்தது, பானெட்டில் ஒரே ஒரு பெரிய ஒடுக்கு, வைப்பர் இடுக்கில் நீளமாக ஒரு முடி. கறுப்பு முடி, ஒரு முழம் இருக்கும். அதை விரலால் இழுத்து எடுத்துக் கீழே போட்டுவிட்டு ஒடுக்கை எடுத்தேன். நமக்குத் தகடுதான் வேலை என்றார் மேனேஜர். மத்தியானத்துக்குள் முடித்துக்கொடுத்தேன், பிரமாதம் என்று கைகுலுக்கிவிட்டுப் போனான் காரின் சொந்தக்காரன். அது நாய் முடியாகக்கூட இருந்திருக்கலாம். ஒரு முழத்தில் நாய்க்கு முடி உண்டா. ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த முறை கேட்காமல் எடுக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டேன், சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, பெயின்ட் அறையிலிருந்து சகாயம் எட்டிப் பார்த்து "என்னடா முனிரத்னம், தனியா பேசறே" என்றான். ஒன்றுமில்லை என்று கையாட்டினேன்.

மறுபடியும் விளக்கை வைத்து நன்றாகப் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். இடதுபக்க மேட்டின் உச்சியில் ஒரு சின்னக் குழி. ஆலங்கட்டிதான், சந்தேகமே இல்லை, சுண்டைக்காய் அளவு. மேடு முதலில் வந்திருக்கிறது, அதன் தலைமேல் கல் பிறகு விழுந்திருக்கிறது. வலதுபக்க மேட்டின் சரிவில் இன்னொரு குழி, அது வட்டமாக இல்லை, ஒருபக்கமாக இழுபட்டு முட்டை மாதிரி இருந்தது, அப்படியென்றால் கல் முதலில் விழுந்திருக்கிறது, மேடு பிறகு எழும்பி அதை இழுத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒன்றைத்தான் சொல்கின்றன. மழை பெய்துகொண்டிருக்கும்போது. கல் மழை நடுவில், மேலே கல் அடித்துக்கொண்டிருக்க, கீழேயிருந்து ஒரு ஆள் உதைத்திருக்கிறார். தகடு பொய் சொல்லாது, சொல்லத் தெரியாது அதற்கு. அந்த ஆளை, காரின் சொந்தக்காரரை, நினைத்துப் பார்த்தேன். யோகநாதன். நாற்பதுக்குள் இருக்கும், சிப்காட்டில் ஏதோ கம்பெனியில் இன்ஜினியர். நேற்றுக் காலையில் காரை விட்டுவிட்டுப் போனார். தலை மொட்டை, அதில் எறும்பு மொய்த்த மாதிரி முடி முளைத்துக்கொண்டிருந்தது, திருப்பதி போய்வந்திருப்பார் என்று நினைத்தேன். சாவியைக் கொடுக்கும்போது கையை உடனே எடுக்கவில்லை, சாவி இரண்டு பேர் கையிலும் ஒரு நிமிஷம் இருந்தது. மெதுவாகப் பேசினார். மெதுவாகப் பேசுகிறவர்களைத்தான் நம்பமுடியாது என்று என் பெண்டாட்டி சொல்வாள், அவளுக்கு எல்லாம் தெரியும். போலீஸுக்குப் போய் என்ன சொல்வது. சார், ஒரு கார், கூரையில் இரண்டு மேடு. சிரிப்பார்கள். கல்பனா மேடத்திடம் சொன்னால், உனக்கு எதுக்கு முனி, என்பார், ஷார்ஜா மேனேஜர் மாதிரியேதான் சொல்வார், வேறு வார்த்தையில். வீட்டில் அந்த ஆளுக்கு மனைவி இருப்பாள். இருப்பாளா. இருந்தாளா. அந்த 'தாளா'வில் என் வாய் உலர்ந்துவிட்டது. தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் கேட் திறக்கிற சத்தம் கேட்டது, திரும்பினால் அவரே வந்துகொண்டிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து.

"அண்ணா, வேலை எப்படிப் போகுது?" என்றார். "பானெட் முடிஞ்சுது சார். கூரையில இப்பதான் மார்க் பண்ணிட்டிருக்கேன். நாளைக்குத்தானே சொல்லியிருந்தோம்." "எடுத்துட்டுப் போக வரலண்ணா. சும்மா பாக்கலாம்னு." சும்மா பார்க்க யாரும் வருவதில்லை. ஒடுக்கு விழுந்த காரை யாரும் சும்மா பார்க்க ஆசைப்படுவதில்லை. அவர் கண் நேராகக் கூரையின் பின்பக்கம் போனதைப் பார்த்தேன், தெரிந்துதான் வந்திருக்கிறார், நான் கண்டுபிடித்துவிட்டேனா என்று பார்க்க வந்திருக்கிறார். லைனிங் அட்டை சுவரில் சாய்ந்திருந்தது, நசுங்கின பக்கம் வெளியே பார்த்தபடி. நகர்ந்து அதற்கு முன்னால் நின்றுகொண்டேன். ஏன் நின்றேன், அது அவருக்குத் தெரிந்த விஷயம்தானே, ஆனாலும் நின்றேன். "வீட்ல குழந்தைங்க இருக்காங்களா சார்?" "இல்லையே. ஏன்ணா?" "லைனிங்ல கொஞ்சம் அழுக்கு. அதான் கேட்டேன். அன்னிக்கு மழையில வண்டியில யார் யார் சார் இருந்தீங்க?" குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன், அது எனக்கே போலீஸ்காரர் குரல் மாதிரி கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. அவசரமில்லை. யாராவது இதைக் கேட்பார்களா என்று மூன்று வாரமாகக் காத்திருந்தவர் மாதிரி, "நானும் அப்பாவும்தான்" என்றார்.

அவரே சொன்னார். "தங்கச்சி வீட்டுக்குக் காவேரிப்பட்டணம் போயிட்டுத் திரும்பி வந்துட்டிருந்தோம். சாப்பாடு ஒத்துக்கல, நெஞ்சு கரிக்குதுன்னார். நான்தான் பின்சீட்டுல படுத்துக்கங்கன்னு சொன்னேன். சூளகிரி தாண்டினதும் பிடிச்சுது பாருங்க. ஜல்லி லாரியை மேல கவுத்துவிட்ட மாதிரி ஒரு சத்தம். ரேடியோ கேக்கல, ஹாரன் அடிச்சா ஹாரன் கேக்கல. ஏதாச்சும் பாலத்துக்கு அடியில போய் நின்னுடலாம்னு ஊர்ந்துதான் போனேன். அப்போ பின்னாடி, அப்பாவுக்கு நேர் மேல, ரெண்டு பெரிய கல்லு விழுந்துச்சு. டம், டம்னு. மத்ததெல்லாம் சின்னச் சின்ன சத்தம், அது ரெண்டு மட்டும் வேற. வண்டியே ஆடிப்போச்சு. நான் திரும்பலண்ணா. முன்கண்ணாடி உடைஞ்சிடுமோன்னு அதையே பாத்துட்டிருந்தேன். 'பயப்படாதீங்கப்பா, ஐஸ்தான்'னு கத்தினேன். பதில் இல்ல. தூங்கிட்டார்னு நெனச்சேன். வீட்டு வாசல்ல நிறுத்திட்டு எழுப்பினேன்." பெயின்ட் அறையில் கம்ப்ரஸர் ஓடி நின்றது. மொட்டைத் தலையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிக்கொண்டார், அப்போதுதான் எனக்கு அது எந்த மொட்டை என்று உறைத்தது. "டாக்டர் பாத்துட்டு, தூக்கத்துலயே போயிருக்கார், ஒரு கஷ்டமும் பட்டிருக்கமாட்டார்னு சொன்னார். அம்மா அதைத்தான் வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காங்க. கொடுத்துவச்ச சாவுன்னு. எங்களுக்கு அது ஒண்ணுதாண்ணா ஆறுதல்." பிறகு, "அந்த ரெண்டு கல்லு விழுந்த இடம். நீங்க எடுத்துடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடலாம்னுதான் வந்தேன். அவர்கிட்ட நான் கடைசியா பேசினது அந்தக் கல்லைப் பத்திதானே" என்றார்.

கல்லே இல்லை. அந்த இடத்தில் பெரிய கல் எதுவும் விழவில்லை சார், சுண்டைக்காய் அளவில் நாலைந்து, அவ்வளவுதான், பெரிய கல் விழுந்தால் பெரிய குழி இருக்கும், அங்கே குழி இல்லை, மேடு இருக்கிறது, உங்கள் அப்பா செருப்புக்காலோடு படுத்திருந்தார் இல்லையா, அந்த டம் அவருடைய ஒரு கால், இன்னொரு டம் இன்னொரு கால். இதெல்லாம் என் வாய்க்குள் நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த அப்பா கூப்பிட்டிருக்கிறார். வாயால் கூப்பிட்டிருப்பார் முதலில், சத்தம் வெளியே வந்திருக்காது, வந்திருந்தாலும் கல் தின்றிருக்கும், கையை நீட்டியிருப்பார், மகனின் தோள் எட்டியிருக்காது, கடைசியாகத்தான் காலை. உதைத்ததுக்குப் பதில் வந்தது. பயப்படாதீங்கப்பா, ஐஸ்தான். அதை அவர் கேட்டிருப்பாரா. கேட்டிருந்தால். கேட்டிருக்கமாட்டார், அவ்வளவு சத்தத்தில். ஆனால் மகனுக்கு அவர் உதைத்தது கேட்டதே. நான் சற்றுமுன் அந்த மனுஷன் கிடந்த இடத்தில் கிடந்தேன். என் காலை வைத்தேன் அந்தக் காலின் மேல். இந்த ஆளைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டு வைத்தேன். சொல்லிவிட்டால் என்ன ஆகும். ஆஸ்பத்திரி எங்கே இருந்தது, கிருஷ்ணகிரி பின்னால், ஹோசூர் முன்னால், அந்த மழையில் எங்கே கொண்டுபோக முடியும், திரும்பிப் பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று நான் சொல்லலாம், அவர் தலையாட்டுவார், ராத்திரி படுக்கும்போது திரும்பிப் பார்ப்பார், தினமும் திரும்பிப் பார்ப்பார். என் அம்மா செத்தபோது நான் ஷார்ஜாவில் இருந்தேன். தங்கச்சி வனிதாதான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். போனில், "தூக்கத்துலயே போயிட்டாங்கண்ணா, முகம் சிரிச்ச மாதிரி இருந்துச்சு" என்றாள். மூன்றாம் நாள் வந்து சேர்ந்தேன். அவளுடைய முன்கையில் நாலு கோடு, வரிசையாக, ஆழமாக, பொருக்குத் தட்டியிருந்தது. என்ன வனிதா இது என்றேன். பூனை பிறாண்டிடுச்சுண்ணா என்றாள். சரியென்று டிங்ச்சர் வாங்கிவந்து போட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. அந்தத் தெருவிலேயே பூனை கிடையாது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தவளுக்கு எந்தப் பூனை. ஒன்பது வருஷம். நான் ஒன்பது வருஷமாக அம்மா சிரித்த முகத்தோடு போனாள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காரின் பின்கதவைப் பிடித்துக்கொண்டேன். "என்னண்ணா, என்ன ஆச்சு?" என்று அவர் என் தோளைத் தொட்டார். அப்பாவைச் சாகக்கொடுத்தவர் என்னைக் கேட்கிறார்.

"ஒண்ணுமில்ல சார். காலையில சாப்பிடல." பிறகு வேறொருவன் பேசுகிற மாதிரி என் குரல் பேசியது. "அந்த ரெண்டையும் எடுத்துட்டேன் சார்." "எடுத்துட்டீங்களா?" "அதான் பெருசு, அதான் முதல்ல எடுத்தேன். நீங்க சொல்லியிருந்தா வச்சிருப்பேன்." அவர் முகம் விழுந்தது. கிட்டே வந்து கூரையில் கையை வைத்தார், நான் காட்டவே இல்லை, கை தானாகச் சரியான இடத்துக்குப் போயிற்று, அன்றைக்குக் காது கேட்ட இடம். விரல் மேட்டில் ஏறி நின்றது. இடதுபக்கத்து மேடு. அவருடைய அப்பாவின் குதிகால் கீழே, அவருடைய விரல் மேலே, நடுவில் காகிதக் கனத்தில் தகடு. "இங்க மேடா இருக்கே அண்ணா?" என்றார். இன்ஜினியர். தகடு தெரிந்தவர். ஒரு மூச்சு விட்டேன். "அது என் தப்பு சார். குழி ஆழமா இருந்துச்சுன்னு கம்பியைக் கொஞ்சம் வேகமா அமுக்கிட்டேன். மேல தள்ளிட்டு வந்துடுச்சு." "ரெண்டும்?" "ரெண்டும்." இதைவிடக் கேவலமான பொய்யை என் தொழிலில் சொல்லமுடியாது. முதல் மாசம் கற்றுக்கொள்கிறவன்கூட ஒன்றைத் தள்ளினால் இரண்டாவதைத் தள்ளமாட்டான். அவர் விரலை எடுக்கவில்லை. வலதுபக்க மேட்டுக்குப் போனார். திரும்ப இடதுபக்கத்துக்கு வந்தார். அவர் மனசு ஏதோ கணக்குப் போடுகிறது, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை விரல் அளக்கிறது, போச்சு, இப்போது தெரிந்துவிடும். "இன்சூரன்ஸுக்கு ஃபோட்டோ எடுத்தாங்களே, அதுல அந்தக் குழி தெரியுமா?" "தெரியாது சார். வெயில்ல வச்சு எடுத்தாங்க, கூரை முழுக்க பளபளன்னுதான் இருக்கும்." "எவ்வளவு பெரிய கல்லா இருந்திருக்கும் அண்ணா, உங்க கணக்குக்கு?" கையைத் தூக்கினேன், விரல்களைக் குவித்துக் காட்டினேன். "கமலா ஆரஞ்சு இருக்குமே சார், அந்த அளவு. அதுக்குக் குறையாது. சத்தம் வராம என்ன பண்ணும்." என் கை காற்றில் பிடித்திருந்த அளவு கமலா ஆரஞ்சின் அளவு இல்லை, எனக்குத் தெரியும் அது எதன் அளவு என்று. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார், மெதுவாக, இரண்டு மூன்று தடவை. "ஆமா. அவ்வளவு இருக்கும். அதான் அப்படி ஒரு சத்தம்" என்றார். அப்புறம் எதையோ இறக்கி வைத்த மாதிரி, முதல்முறையாகக் கொஞ்சம் கடிந்துகொண்டார். "நிறைய பேர் சொல்லித்தாண்ணா உங்ககிட்ட விட்டேன். கொஞ்சம் பாத்துப் பண்ணக்கூடாதா? அப்பாவோட வண்டிண்ணா இது." "தப்புதான் சார். தட்டிச் சமன் பண்ணிடறேன். வெளிய தெரியாது." "தெரியாதுல்ல?" "தெரியவே தெரியாது சார்." அவர் கேட் வரை போய் ஒருதடவை நின்றார். நான் லைனிங் அட்டையை முதுகால் மறைத்தபடி நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. போய்விட்டார்.

சகாயம் வெளியே வந்திருந்தான். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தான், எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. நேராகக் கூரைக்கு வந்து உள்ளங்கையை வைத்துத் தடவினான். இருபது வருஷமாகத் தகட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறவன், அவன் கைக்கு விளக்குப் பலகை வேண்டாம். "இது கம்பி தூக்கின மேடு இல்லையேடா" என்றான். "கம்பிதான்." "டேய்." "கம்பிதான் சகாயம். என் கை தவறிடுச்சு." என்னையே பார்த்தான். பிறகு சுவரில் சாய்த்திருந்த அட்டையைப் பார்த்தான், அந்த இரண்டு நசுங்கலை, அரைவட்ட அழுக்கை. குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான். சிலுவை போட்டுக்கொண்டான், அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை, ஞாயிற்றுக்கிழமைகூட கோயிலுக்குப் போகாதவன். அட்டையைத் தூக்கி முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தான், அதை நாலாக ஒடித்தான், கொண்டுபோய் ஸ்கிராப் டிரம்மில் திணித்து மேலே பழைய பம்பர் ஒன்றைப் போட்டு மூடினான். "கழட்டும்போது உடைஞ்சிடுச்சுன்னு மேடத்துகிட்ட நான் சொல்லிக்கறேன். புது லைனிங் சொல்லிடுவாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். சின்னச் சுத்தியலையும் பிளாஸ்டிக் முனையையும் எடுத்துக்கொண்டேன். மேட்டைக் கீழே இறக்குவது குழியை ஏற்றுவதைவிடச் சுலபம். முனையை வைத்து, பூனை நடக்கிற மாதிரி, பூனை, வேண்டாம், மெதுவாக, டக், டக் என்று தட்டினால் தகடு தன் பழைய இடத்தை ஞாபகம் வைத்திருக்கும், போய்ச் சேர்ந்துவிடும். கூரைமேல் தட்டுகிற சத்தம் காருக்குள் போய் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும், நான் எத்தனையோ தடவை உள்ளே படுத்துக் கேட்டிருக்கிறேன். வனிதாவுக்கு போன் பண்ணவேண்டும். பண்ணி என்ன கேட்பது. சாப்பிட்டியா என்று கேட்கலாம். கையில் தழும்பு இருக்கிறதா என்று கேட்கமாட்டேன். அந்தச் சின்னப் பெண், அப்போது அவளுக்கு இருபது வயசு, ராத்திரி முழுக்க அம்மாவின் நகத்துக்குள் தன் கையை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, காலையில் எனக்கு போன் போட்டு, எப்படி அவளால் அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்தது, குரல்கூடப் பிசிறவில்லையே. மேட்டின்மேல் இருந்த சின்னக் கல் குழிகளைக் கம்பியால் உள்ளேயிருந்து ஏற்றிவிட்டு மறுபடியும் தட்டினேன். இடதுபக்கக் கோடு நேரானது. வலதுபக்கம் இன்னும் ஒரு நூல். தட்டு. இன்னும் அரை நூல். வேர்வை கண்ணில் இறங்கிக் கோடுகள் எல்லாம் சேர்ந்து கலங்கின, துடைத்துவிட்டுப் பார்த்தால் நேராக இருந்தன. விளக்கை இந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தேன், அந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தேன். நேராகவே இருந்தன. சுத்தியல் கையிலிருந்து இறங்கமாட்டேன் என்றது, விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது.

கல்பனா மேடம் ஆபீஸ் அறையிலிருந்து போனைக் கையில் பிடித்தபடியே வந்தார். "என்ன முனி பண்ணி வச்சே? அந்த யோகநாதன் போன் பண்ணினாரு." நான் நிமிர்ந்து நின்றேன். கண்டுபிடித்துவிட்டார். வழியில் யோசித்திருப்பார், இரண்டு மேடு, ஒரு சாண் இடைவெளி, இன்ஜினியர்தானே, கண்டுபிடித்துவிட்டார். "என்ன மேடம் சொன்னாரு?" என் குரல் எனக்கே கேட்கவில்லை. "ஏதோ கை தவறிடுச்சாமே உனக்கு? உன்னைக் கோவமா பேசிட்டாராம். 'அந்த அண்ணாவைத் திட்டிடாதீங்க மேடம், பாவம், சாப்பிடக்கூட இல்ல அவரு. கை தவறுறது எல்லாருக்கும் நடக்கறதுதான், யாருக்குத்தான் தவறல'ன்னு சொல்றாரு. அழுதாரா என்னன்னு தெரியல, குரலே ஒரு மாதிரி இருந்துச்சு. இதுக்குப் போய் யாராச்சும் அழுவாங்களா?" நான் தரையைப் பார்த்தேன். மேடம் காரைச் சுற்றி வந்து கூரையில் கையை வைத்தார். "எங்க தவறுச்சு, காட்டு." "அதோ, அங்க. பின்பக்கம், இடதுபக்கம்." அவர் கை அந்த இடத்தைத் தாண்டிப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடியும் தாண்டிப் போயிற்று. வளையல் தகட்டில் உரசிற்று. "எங்கப்பா? வழுவழுன்னுதானே இருக்கு" என்றார். "ஆமா மேடம்" என்றேன். "சரி, போய் முதல்ல சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அவர் போன பிறகும் நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.